உமியும் உரப்பையும்

குப்பைக்கும் பூர்வீகம் உண்டு. எங்கே பிறந்தது, எதைச் சுமந்தது, எத்தனை காலம் வெயிலில் கிடந்தது என்று விசாரிக்காமல் எதையும் நான் அரவைக்குள் விடுவதில்லை. மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் எங்கள் பட்டறையில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, நெல் உமியைக் கலந்து பலகை வார்க்கிறோம். பார்க்க வருகிறவர்கள் இயந்திரத்தின் விலையைத்தான் கேட்கிறார்கள். வேலையில் பாதி தரம் பிரிக்கும் மேசையிலேயே முடிந்துவிடுகிறது என்றால் நம்புவதில்லை.

எங்களுக்கு வருவதில் நல்ல சரக்கு, செம்பனைத் தோட்டத்து உரப்பை. வெளியே நெய்த பை பாலிபுரோப்பிலீன். உள்ளே இருக்கும் ஜவ்வுப் பை பாலிஎத்திலீன். இரண்டும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. ஜவ்வை உருவாமல் அப்படியே அரைத்தால் பலகை ஏடு ஏடாகப் பிரியும். பொட்டாஷ் பை என்றால் இன்னொரு தொல்லை. அது குளோரைடு உப்பு. கழுவாமல் போட்டால் இயந்திரத்தின் இரும்பையே தின்றுவிடும். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் எங்களிடம் பை பிரிக்கிறார். கசக்கிச் சத்தம் கேட்டே சொல்லிவிடுவார்: "இது வேற தம்பி, அதோட போடாதீங்க." சந்தேகம் வந்தால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும். குடிநீர்ப் பாட்டிலின் பெட்டும் பிவிசியும் மூழ்கும். பிவிசி ஒரு துண்டு தப்பி உள்ளே போனாலும் சூட்டில் அமிலப் புகை கிளம்பும். அக்காவின் காது தொட்டியை விட வேகம்.

உமிக்கு எங்கள் கெடா மாநிலத்தில் பஞ்சமில்லை. 1970இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் முடிந்த பிறகு இந்தச் சமவெளி ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. சும்மா கிடைக்கிறதே என்று நினைக்கக் கூடாது. அதைப் பழக்குவதுதான் பெரும் பாடு. உமியில் சிலிக்கா அதிகம், இயந்திரத்தின் ஸ்க்ரூவை அரம் போல ராவிவிடும். மேல்தோல் மெழுகுப் பிடிப்புள்ளது, பிளாஸ்டிக்கை ஒட்டவிடாது. அதற்காக மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரோப்பிலீனைக் கொஞ்சம் சேர்க்கிறோம். ஒரு முனையால் உமியையும் மறுமுனையால் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்கிற தரகன் அது. விலை மட்டும் தரகனுக்குரிய விலைதான்.

ஈரம் இன்னொரு பகை. மழைக்காலத்தில் உமி காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும். உலர்த்தாமல் விட்டால் உள்ளே ஆவி வெடித்துப் பலகை முழுக்கப் பொத்தல். சூட்டிலும் நமக்குக் கிடைக்கும் இடைவெளி குறுகலானது: பாலிபுரோப்பிலீன் 165 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், 200ஐத் தாண்டினால் உமி கருகத் தொடங்கும். "பாட்டிலைப் போடலாமே" என்பவர்களுக்கு இதுதான் பதில். பெட் உருக 250 டிகிரி வேண்டும். அதற்குள் உமி கரியாகியிருக்கும்.

பெட்டுக்கும் வழி இல்லாமல் இல்லை, வேறு துணை வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கல்லைத் துணை சேர்த்தார். சூடாக்கிய ஜல்லிக்குப் பிளாஸ்டிக் பூசித் தாரோடு கலக்கும் சாலை முறை அவருடையது. 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய இன்னொரு ஆக்கமான பிளாஸ்டோன் கல்லில், பைகளோடு பெட் பாட்டிலும் போகிறது. கல் கருகாது அல்லவா?

ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகள் இங்கே நிறைய. கழிவைத் தருவதற்கு ஆள் இருக்கிறார்கள். ஆனால் கந்தகம் ஏற்றி வெந்த ரப்பர் மறுபடி உருகாது. பொடியாக்கிச் சிறிதளவு சேர்த்தால் பலகைக்குத் துள்ளல் வரும், அடிபட்டால் சட்டென்று உடையாது; கூடினால் விறைப்பு போய்விடும். ரப்பர் மரத்தூள் நன்றாகக் கலக்கும், ஆனால் மரச்சாமான், பலகை ஆலைகள் அதை முந்திக்கொள்கின்றன. ஒரு காலத்தில் அந்த மரம் அடுப்புக்குத்தான் போனது.

2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குக் கதவடைத்ததும் அந்தச் சரக்கு மலேசியாவின் பக்கம் திரும்பியது. எங்கள் ஊரில் இரவில் எரிக்கும் நாற்றம் வந்த காலம் அது. மக்கள் மூச்சுத் திணறலோடு புகார் கொடுத்தார்கள். மறுசுழற்சி என்ற பெயரே எங்களைப் போன்றவர்களுக்கு வசவாகிவிட்டது. வெளிநாட்டுக் கழிவுக் கட்டு மலிவுதான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்த பிறகே தெரியும். பிரித்து மிஞ்சியதை என்ன செய்வது? எரித்தவர்களின் கணக்கு அங்கேதான் தொடங்கியது. பக்கத்துத் தோட்டத்துப் பையின் பூர்வீகம் எனக்குத் தெரியும். விலை கூடினாலும் அதையே வாங்குகிறேன்.

பலகை வாங்குபவர்களிடம் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெஞ்சுக்கு, வேலிக்கு, பூந்தொட்டிக்குச் சரி. பாரம் தாங்கும் விட்டத்துக்குக் கேட்காதீர்கள், நாளாக நாளாகத் தொய்யும். தாங்கு சட்டங்களை நெருக்கி வையுங்கள். வெயிலில் நீளும், அதனால் முனைக்கு முனை இடைவெளி விட்டு, ஆணித்துளையைக் கொஞ்சம் நீளமாகப் போடுங்கள். அறுத்த முனைக்கு மறக்காமல் பூச்சு கொடுங்கள். அங்கே உமி வெளியே தெரியும், ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும். "பிளாஸ்டிக்தானே, மக்காதே" என்று சொல்லிப் பூச்சைத் தவிர்க்கிறவர்கள் அடுத்த மழைக்கு என்னைத் தேடி வருகிறார்கள்.