பழவங்காடியில் ஒரு பந்தி

தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து சிறிது நடந்தால் பழவங்காடி. விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அருகிலுள்ள புத்தரிக்கண்டம் மைதானத்தை அடைந்தோம். 2025 ஜனவரியில் கேரளப் பள்ளிக் கலோத்ஸவத்திற்கு விருந்துப் பந்தல் இட்டிருந்தது இங்கேதான்.

எம் தமக்கை மகள் திருவாதிரைக்களி ஆடிவிட்டு வந்திருந்தாள். நம் கும்மியைப் போல, பெண்கள் விளக்கைச் சுற்றிப் பாட்டுக்கேற்பக் கைகொட்டி ஆடுவது அது. பாட்டு, தாளம், அடிவைப்பு மூன்றும் ஒன்றாதல் வேண்டும்; ஒருத்தியின் கை பிந்தினாலும் குழு முழுவதற்கும் மதிப்பெண் குறையும். பிந்தியது தன் கையே என்று குழந்தை சோற்றைத் தொடவில்லை. ‘ஏ’ கிரேடுக்கு 5 புள்ளி, ‘பி’க்கு 3. நடுவரைக் குறைகூறாத பெற்றோர் எவரையும் அப்பந்தியில் யாம் கண்டிலோம்!

இரண்டு புள்ளிதானே என்று அவளைத் தேற்றினோம். நிறைவு நாளில் திருச்சூர் 1,008 புள்ளியுடன் தங்கக் கோப்பையைக் கொண்டுபோயிற்று. பாலக்காடு பெற்றது 1,007.