மூன்றடியில் தம்பு செட்டித் தெரு

சின்ன கேலரியில் நகரக் காட்சிகளை மாட்டுகிறவனுக்கு இடம்தான் முதல் எதிரி. பெரிய கூடமென்றால் பார்ப்பவர் தானாகவே பத்தடி பின்னால் போவார். கலைந்து கிடக்கும் தீற்றல்கள் அங்கிருந்து கட்டடமாகவும் கூட்டமாகவும் சேர்ந்துகொள்ளும். என் படங்கள் இப்போது தொங்கும் அறையில் பின்னால் போனால் எதிர்ச்சுவர்ப் படத்தில் முதுகு இடிக்கும். மூன்றடியில் நின்றுதான் பார்த்தாக வேண்டும். அந்தத் தூரத்தில் நீர்வண்ணத்தால் எதையும் மறைக்க முடியாது.

அதனால் படங்களைப் பொறுக்கும்போது நிழல் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். சென்னையை வரைகிற பலர் கட்டடத்தை வரைகிறார்கள். 1892-இல் திறந்த உயர் நீதிமன்றத்தின் குவிமாடங்களை ஒன்று விடாமல் போடுவார்கள், செங்கல் சிவப்பும் அழகாக வந்திருக்கும். ஆனால் மொத்தமும் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல நிற்கும். உச்சி வெயிலில் வரைந்தால் அப்படித்தான். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பதிமூன்று டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். மின்கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது.

காலையில் ஏழு மணிவாக்கில் தம்பு செட்டித் தெருவில் போய் உட்கார்ந்தால் கதையே வேறு. கிழக்குச் சாரிக் கட்டடங்களின் நிழல் தெருவைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறி மடங்கியிருக்கும். தெரு எவ்வளவு ஒடுக்கம் என்பதை அந்த மடிப்பே சொல்லிவிடும். அதைப் பிடித்துவிட்டால் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நிழலுக்கு நான் கறுப்பைத் தொடுவதில்லை. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் போதும்; தட்டில் அரைகுறையாகத்தான் கலப்பேன். 300 ஜிஎஸ்எம் சொரசொரப்புக் காகிதத்தில் ஒரே வீச்சாக இழுத்து, பலகையைச் சற்றே சாய்த்து வைத்தால் நீலத் துகள்கள் காகிதக் குழிகளில் இறங்கித் தங்கும். கிட்டத்தில் பார்க்கிறவருக்கு அந்தப் புள்ளிப் புள்ளியான படிவே பழைய சுண்ணாம்புச் சுவராகிவிடும். பாதி காய்ந்ததும் சரிசெய்கிறேன் என்று மறுபடி தூரிகையை வைத்தால் போச்சு, சேறுதான். மே மாதத்தில் வீச்சு முடிவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும்; ஐப்பசி அடைமழையில் காகிதம் காயவே காயாது. எனக்கு ஐப்பசிதான் சௌகரியம்.

மாட்டும்போது இடவாரியாகப் பிரிக்கவில்லை. காலை நிழல்கள் ஒரு சுவரில், மாலை நிழல்கள் எதிர்ச்சுவரில். மஞ்சள் விளக்குகளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அந்த வெளிச்சத்தில் நீலம் செத்துப்போகிறது.

நேற்று அந்தத் தெருவிலேயே கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். படத்தருகே வெகுநேரம் நின்றுவிட்டு, “கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்துட்டீங்களா தம்பி?” என்றார். அப்புறம் அவர் கடை போர்டு இருக்கவேண்டிய இடத்தைக் காட்டி, பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். முடியாது ஐயா என்றேன். படத்துக்குள் எழுத்து இருந்தால் கண் முதலில் அதைத்தான் படிக்கும், நிழல் பக்கம் போகவே போகாது.