தெருவைப் பார்க்காத வாசல்



ஆஸ்திரியாவில் பணிபுரியும் என் தம்பியின் அழைப்பை ஏற்று, சென்ற ஆண்டு வியன்னா நகருக்குச் சென்றிருந்தேன். நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கம் வேரூன்றிய நகரம் அது. நகரின் நடுவே புனித ஸ்டீபன் பேராலயத்தின் கோபுரம் 136 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, சற்றுத் தொலைவிலுள்ள டொரோதேயர் தெருவில் நடந்துகொண்டிருந்தோம். அங்கே கட்டடங்களோடு கட்டடமாக ஒரு தேவாலயம் நின்றது.

"காக்கா, இது புராட்டஸ்டண்டு கிறித்தவர்களுடையது. ஒரு காலத்தில் இவர்களுக்குத் தெருப்பக்கம் வாசல் வைக்கவே அனுமதி இல்லையாம்" என்றார் தம்பி.

அதன் வரலாற்றைப் பின்னர் படித்தறிந்தேன். பொது இடத்தில் கூடி வழிபட இயலாத அம்மக்கள், அந்நியத் தூதரகங்களின் சிற்றாலயங்களை நாடிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 1781ஆம் ஆண்டில் பேரரசர் இரண்டாம் ஜோசப் சகிப்பு ஆணையைப் பிறப்பித்தார். நூறு குடும்பங்கள் இருந்தால் வழிபாட்டு இல்லம் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் கோபுரம் கூடாது, மணி கூடாது, தெருவிலிருந்து நுழைவாயிலும் கூடாது. 1783இல், மூடப்பட்ட ஒரு கன்னியர் மடத்தின் ஆலயத்தை லூத்தரன் சபையினர் தமதாக்கிக்கொண்டனர். 1861இல்தான் அவர்களுக்குச் சமஉரிமை கிட்டியது. தெருவை நோக்கிய இன்றைய முகப்பு எழுந்தது 1907இல்.

முதலில் என் உள்ளம் நம்மைத்தான் நினைத்தது. அண்டை நாடான சுவிட்சர்லாந்தில் 2009இல் மினாராக்கள் எழுப்பத் தடை விதிக்கப்பட்டதே என்று வருந்தினேன். அடுத்த கணமே வேறொரு நினைவு என்னைத் தலைகுனிய வைத்தது.

எங்கள் மஹல்லாவில் சில கிறித்தவக் குடும்பங்கள் வாடகைக்கு வசிக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வீட்டில் ஞாயிறுதோறும் கூடி ஜெபிக்க அவர்கள் விரும்பினர். ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து பேசியவன் நான்: "ஜெபிக்கட்டும். ஆனால் பெயர்ப்பலகை வேண்டாம். பாட்டுச் சத்தம் வெளியே வர வேண்டாம். கொல்லைப்புற வழியாக வந்து போகட்டும்." அதைப் பெருந்தன்மை என்றே அன்று எண்ணினேன்.

அல்லாஹ்வின் திருநாமம் நினைவுகூரப்படும் இடங்களைச் சொல்லும் 22:40 இறைவசனம், மஸ்ஜித்களோடு மடங்களையும் தேவாலயங்களையும் யூதர்களின் ஆலயங்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அதை மாணவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியவன் நான். விளக்கிய நாவுதான் கொல்லைப்புறத்தையும் காட்டியது.

ஊர் திரும்பியதும் அவ்வீட்டுப் பெரியவரைச் சந்தித்து, அன்று பேசியதற்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை உஸ்தாத், எங்களுக்குப் பழகிவிட்டது" என்றார். அவர் கோபித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

மறுவாரமே ஜமாஅத்தில் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். சிலர் முகம் சுளித்தனர். தலைவர் மட்டும் மெல்லத் தலையசைத்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வீட்டின் முன்வாசல் திறந்திருக்கிறது.

நாம் சிறுபான்மையாக வாழுமிடத்தில் எதை வேண்டுகிறோமோ, நாம் பெரும்பான்மையாக வாழும் தெருவில் அதைப் பிறருக்கு அளிக்கும் நெஞ்சத்தை வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.