நிற்பதுதான் உழைப்பா?

இக்கால இளையோருக்கு வேலையில் பற்றில்லை என்னும் குறையை நாம் அன்றாடம் கேட்கிறோம். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்கிறோம், திருமணப் பந்தியிலும் கேட்கிறோம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கூறினார். ஆமோதித்தோரும் மறுத்தோரும் பெரும்பாலும் மணிக்கணக்கையே பேசினர். அம்மணிகளுக்குள் ஒருவர் எப்படி வேலை செய்கிறார், அவர் எப்படி நடத்தப்படுகிறார் என்னும் பேச்சு குறைவாகவே எழுந்தது.

கணிப்பொறி நிறுவனங்களை விட்டு, நாம் அறிந்த துணிக்கடைகளுக்கு வருவோம். தமிழ் படித்து வெளியேறும் நம் மாணவர் பலருக்கு முதல் வேலை கிடைக்கும் இடம் அதுவே. 2010இல் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' அவ்வாழ்வைத் திரையில் காட்டியது. படம் பார்த்துக் கலங்கிய நாம், மறுநாள் கடைக்குச் சென்றபோது முகம் சுளிக்கும் விற்பனைப் பையனைக் குறை கூறவும் தயங்கவில்லை.

சென்ற தீபாவளிக்கு முன், அத்தகைய கடையொன்றின் பட்டுப் பிரிவில் நம் பழைய மாணவரைக் கண்டோம். அவர் ஒரு மூதாட்டிக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தார். முப்பது புடவைகளேனும் பிரிந்திருக்கும். மூதாட்டி ஒவ்வொன்றின் விலையைக் கேட்பதும் தள்ளுவதுமாக இருந்தார். மாணவர் சலிக்காமல், தள்ளியவற்றைப் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்கினார். இறுதியில் மூதாட்டி எடுத்தது இருப்பவற்றுள் விலை குறைந்த ஒன்று. அதைப் பில் போட அனுப்புகையில் மாணவர் சொன்னார்: "பாட்டி, இத அப்படியே பீரோல வச்சிடாதீங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்ப மாத்தி வையுங்க. இல்லன்னா மடிப்புலயே இழை விட்டுப்போயிடும்."

மூதாட்டி நகர்ந்ததும் அவர் அலமாரியில் சற்றே சாய்ந்தார். தளத்தின் மறுகோடியிலிருந்து சூப்பர்வைசரின் குரல் வந்தது: "என்னப்பா, வீட்டு நெனப்பா? நேரா நில்லு." மூலையில் ஒரு முக்காலி இருந்தது, அதன்மேல் புடவைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நாம் அதைப் பார்ப்பதைக் கண்டு மாணவர் சிரித்தார். "அது பெட்டி வைக்கத்தாங்க ஐயா."

மடிப்பு மாற்றச் சொன்னதால் கடைக்கு ஒரு காசும் கூடுதலாக வராது. ஆனால் ஒரு புடவை சில ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். தன் கையைக் கடந்து சென்ற பொருளின்மேலும் அக்கறை கொள்வதைத்தானே பணிப்பற்று என்கிறோம்? அது சூப்பர்வைசரின் காதில் விழவில்லை. சாய்ந்தது மட்டும் கண்ணில் பட்டது.

ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் மூன்று அதிகாரங்களை நாம் மாணவருக்கு அறிவுரையாகவே நடத்தி வருகிறோம். இவை திருக்குறளின் 60, 61, 62ஆம் அதிகாரங்கள். பரிமேலழகர் பகுப்பின்படி இவை மூன்றும் அரசியல் என்னும் பகுதியில் அடங்குவன. சோம்பலை விடு என்னும் சொல் முதலில் ஆள்பவனை நோக்கிச் சொல்லப்பட்டது. அதே பகுதியில் உள்ள தெரிந்துவினையாடல், ஏற்றவனை ஆராய்ந்து அமர்த்தியபின் வேலையை அவனிடமே விட்டுவிடுமாறு கூறுகிறது. வேலை வாங்குவோர்க்கான இவ்விலக்கணத்தை மறந்து, எஞ்சியதைச் செய்வோர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டோம்.

சட்டம் இதில் நம்மைவிடச் சற்று முந்திக்கொண்டது. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடைப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்னும் பொது வரம்பை வகுத்தது. 2021இல் அதில் ஒரு திருத்தம் சேர்ந்தது: வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்குப் பணியாளர் அனைவர்க்கும் இருக்கை வசதி வேண்டும். கேரளம் 2018இலேயே இத்தகைய திருத்தத்தைச் செய்திருந்தது. மனிதன் உட்காரச் சட்டம் இயற்ற நேர்ந்ததே என்று வருந்துவதா, இயற்றினரே என்று மகிழ்வதா என்று தெரியவில்லை.

இளையோரிடம் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நிற்போர் உண்டு. வாடிக்கையாளர் எதிரே நிற்கையில் கைப்பேசியில் மூழ்கியிருப்போர் உண்டு. அரைகுறையாகச் செய்துவிட்டு 'முடிந்தது' என்போரும் உண்டு. இவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பிரித்த புடவையை ஒழுங்காக மடித்து வைப்பவனுக்கும் எறிந்துவிட்டுப் போகிறவனுக்கும் வேறுபாடு காணாத இடத்தில், முன்னவன் எத்தனை நாள் முன்னவனாகவே இருப்பான்? நேராக நின்றால் போதும் என்பதை அவனும் விரைவில் கற்றுக்கொள்வான்.

பண்டிகைக் காலம் வந்தால் ஊர் வணிகர்கள் நம் துறைக்குத் தொலைபேசியில் அழைப்பதுண்டு. "பொறுப்பான பசங்களா நாலு பேர அனுப்புங்க சார்" என்பார்கள். அனுப்பலாம், பொறுப்பான பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு முன், அங்கே உட்கார இடம் உண்டா என்று நாம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.