விழுங்கிய சொல்

பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களில் எனக்குப் பிடித்தது, லண்டன் ஈஸ்ட் எண்டின் 'ரைமிங் ஸ்லாங்' போடும் புதிர். சொல்ல வந்ததோடு ஓசை ஒத்த ஒரு தொடரைப் பிடிப்பார்கள். பிறகு ஓசை ஒத்த அந்தக் கடைசிச் சொல்லையே விழுங்கிவிடுவார்கள். 1975இல் தொடங்கிய 'தி ஸ்வீனி'யின் பெயரே அப்படித்தான். லண்டன் காவல்துறையின் 'ஃப்ளையிங் ஸ்குவாட்', கதைகளில் வரும் கொலைகார நாவிதன் 'ஸ்வீனி டாட்' ஆகி, 'டாட்' உதிர்ந்து 'ஸ்வீனி' மிஞ்சியது.

விழுங்கியதைத் தேடினால் பல இடங்களில் பெண்ணுடல் அகப்படுகிறது. 'பிரிஸ்டல்ஸ்' என்றால் மார்பகங்கள். 'பிரிஸ்டல் சிட்டி' கால்பந்து அணியின் பெயரிலிருந்து வந்தது. குடும்பமாகப் பார்க்கும் நகைச்சுவைத் தொடர்களிலும் தாராளமாக வரும் 'பெர்க்' என்றால் மடையன். அதன் முழு வடிவம் 'பெர்க்லி ஹன்ட்' என்ற வேட்டைக் குழுவின் பெயர். 'ஹன்ட்'டோடு ஓசை ஒத்திருப்பது பெண்குறியைச் சொல்லும் வசவு. வாலை நறுக்கியதும் வசவு வரவேற்பறைக்குள் வந்துவிட்டது.

மனைவிக்கு 'ட்ரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப்': தொல்லையும் சண்டையும். இதைப் பெரும்பாலும் முழுசாகவே சொல்கிறார்கள். மறைக்க என்ன இருக்கிறது?

புதிர் அவிழும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர்கள் விழுங்கிய சொல்லை நான் வாய்விட்டுச் சொல்கிறேன். அது என் உடலின் ஒரு பாகம். மடையனுக்கு அதன் பெயரை ஏன் வைக்க வேண்டும்?