பாவுக்கு ஏது சார் மூடு?

"நாளையிலேருந்து வாக்கிங் போறேன் சார்!"

சம்பளத் தேதிக்கு அடுத்தபடியாக நம் ஆபீஸ்களில் அதிகம் அடிபடுகிற சமாசாரம் இதுதான். ஷூ வாங்கியாச்சு. டிராக் பேண்ட் வாங்கியாச்சு. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்கிற வாட்ச்கூட வாங்கியாச்சு. இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி... நடப்பது!

கேட்டால், "மூடு வரலை சார்" என்பார்கள்.

இந்த மூடு விஷயத்தில் எங்கள் ஆரணிக்காரர்களைக் கொஞ்சம் கவனிக்கலாம். பட்டுப் புடவை நெய்கிற ஊர். பாவு தறியில் ஏறுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சீர்படுத்த வேண்டும். அறுந்த இழைகளை முடிய வேண்டும். வெயில் ஏறினால் இழை காய்ந்து வம்பு பண்ணும். அதனால் விடிகாலையிலேயே வேலை ஆரம்பம். ஒரு ஆளால் ஆகிற காரியமும் இல்லை. நாலைந்து பேர் வேண்டும்.

அங்கே வந்து நிற்கிற யாரும், 'இன்னிக்கு நமக்கு உற்சாகமா இருக்கா?' என்று யோசித்துவிட்டு வந்தவர் கிடையாது. தான் போகாவிட்டால் மிச்சப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று தெரியும். எழுந்து வந்துவிடுகிறார். கொட்டாவியும் கூடவே வருகிறது, அவ்வளவுதான்!

இதே கதைதான் லண்டனிலும். அங்கே ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, 1953-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே டிராபிக். ஆனால் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்குக் குறைவு. அந்தக் கண்டக்டர்கள் தொப்பையைக் குறைக்கவா ஏறினார்கள்? மேல்மாடியில் டிக்கெட் வாங்காதவன் உட்கார்ந்திருந்தான், ஏறினார்கள்! மாரிஸும் சும்மா இல்லை. 99 வயசு வரை இருந்து, 2009-ல்தான் காலமானார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற நாமெல்லாம் எந்தக் கட்சி? சந்தேகமே வேண்டாம், டிரைவர் கட்சி. அதிலும் நகராத பஸ்ஸுக்கு டிரைவர்!

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்ன செய்யும் என்பது எங்கள் வீட்டிலேயே தெரியும். அப்பா நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். கை நாடாவை ஓட்டும், கால் மிதியை அழுத்தும். ஆனாலும் உட்கார்ந்த இடம் உட்கார்ந்த இடம்தான். 52 வயசில் சர்க்கரை வந்தது. 61-ல் ஒருநாள், பாதிப் புடவையில் தறியை விட்டு எழுந்து வந்தார்.

"மிதி மேல கால் இருக்குதா இல்லியான்னே தெரியலடா."

அதன் பிறகு அவர் தறிக்குழியில் இறங்கவில்லை.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் கணக்குப் போடுகிற புத்தி. எனக்கு இப்போது 36. அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வயசுக்கு இன்னும் 16 வருஷம். பரம்பரைச் சொத்துகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் பங்காளிச் சண்டையே வராது! பகலில் ஊரார் கணக்கு, ராத்திரியில் கட்டுரை என்று எனக்கும் நாற்காலிதான் வாசம். மெஷினுக்கெல்லாம் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோம். உடம்புக்கு யார் எழுதுவது?

டாக்டர் அப்பாவை நடக்கச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். "தனியா போறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது. நீ வந்தா வரேன்."

தீர்ந்தது! இனி நான் படுத்தால் இரண்டு பேர் படுத்த கணக்கு. காலை 5.30-க்குக் கோட்டை மைதானம் பக்கம் கிளம்பினோம். ஒரு வாரத்தில் எதிர்வீட்டு அண்ணனும் சேர்ந்துகொண்டார். லேட்டாக வருகிறவர் மூன்று பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது சட்டம். அப்பாவுக்குச் சர்க்கரை போடாத டீ. உணர்ச்சி குறைந்த கால் என்பதால், டாக்டர் சொன்னபடி அவருக்கு மூடின ஷூ. ராத்திரி அவர் உள்ளங்காலில் டார்ச் அடித்து, கல் குத்தியிருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. "கணக்கு சரியா இருக்குதா ஆடிட்டரே?" என்று கேட்பார்.

ரொம்ப நேரம் நடக்கணுமோ என்று பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி. வேக நடையும் அதில் சேர்த்திதான். ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. மொத்தமாகப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு தமிழ் சினிமா நேரம்!

இது எப்போது பழக்கமாகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2010-ல் வெளியானது. தினமும் ஒரே வேளையில் செய்கிற காரியம் பழக்கமாக, நடுவாந்திரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. இதில் நமக்கு ஆறுதலான விஷயம், நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்பது. மழை பெய்த திங்கட்கிழமையைக் காரணம் காட்டி, செவ்வாய்க்கிழமையையும் தூங்கிக் கழிக்கிறோமே, ஆபத்து அங்கேதான்.

ஆகவே நண்பரே, மூடைத் தேடாதீங்க, ஆளைத் தேடுங்க. காலையில் உங்களுக்காகத் தெருமுனையில் ஒருத்தர் காத்துக்கொண்டிருக்க வேண்டும். அது அப்பாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், ஆபீஸ் சிநேகிதராக இருக்கலாம்.

உங்களுக்குக் கடன் கொடுத்தவராக இருந்தால் இன்னும் உத்தமம். நடை தானாகவே ஓட்டமாகிவிடும்!