ஒரிஜினல் எண்டால் எந்த வருசத்து ஒரிஜினல்?

அம்மப்பாவின் 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனரை வாங்க கொழும்பில் ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லாம் கொம்பனியில் வந்த மாதிரியே இருந்தால் விலை கூடவாம். அண்ணா அன்றிலிருந்து ஒரிஜினல் பாட்ஸ் தேடி பஞ்சிகாவத்தைக்கு அலைகிறார். அப்பாவுக்கு பிரேக் பிடிச்சால் காணும். தங்கச்சியும் நானுமாகிய நாங்கள் இரண்டு பக்கமும் இல்லை.

முதலில், மைனரைச் செய்தவர்களே அதை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். 1948இல் 918 சிசி எஞ்சின், 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098. கதவுக்குப் பக்கத்தூணிலிருந்து எழும்பும் சிக்னல் கையை 1961இல் கைவிட்டு மின்னும் லைற் போட்டார்கள். பிறகு இலங்கையின் தெற்கில் செய்த மைனர் பாட்ஸ் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. அது ஒரிஜினலா, டூப்ளிக்கேற்றா?

அதற்காக எதையும் செய்யலாம் எண்டில்லை. ஜப்பான் எஞ்சின் பூட்டுவதற்காகப் பொடியை வெட்டினால் திரும்ப ஒட்டமுடியாது. ஆனால் டைனமோவைக் கழற்றி ஒல்டனேற்றர் போடலாம். பற்றரியின் பிளஸ் பொடியோடு இணைஞ்சிருக்கிற பழைய வயரிங்கை மட்டும் மாற்றவேணும். கழற்றினதைச் சாக்கில் கட்டி வைத்தால் நாளைக்கு வாறவர் திரும்பப் பூட்டலாம். சிக்னல் கை இருக்கட்டும், கூடவே லைற்றும் இருக்கட்டும். இரவில் பின்னால் வாற பஸ்காரருக்கு 1958 தெரியாது.

எங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்று இருக்கு. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினது கார். அதற்காக மெக்கானிக் பூட்டின சின்னத் தகரமும் குழாயும் இன்னும் பொனற்றுக்குக் கீழே இருக்கு. அந்தக் காரில்தான் அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அண்ணாவுக்கு அது கழற்றவேண்டிய குப்பை. எங்களுக்கு அதுதான் இந்தக் கார் எங்கட ஊரில் ஓடினதுக்குச் சாட்சி. கொம்பனி செய்த மைனர்கள் உலகத்தில் கனக்க இருக்கு. விலை குறைஞ்சால் குறையட்டும், தகரம் இருந்த இடத்திலேயே இருக்கும் எண்டு அண்ணாவிடம் சொல்லிவிட்டோம். அவர் இன்னும் ஓம் சொல்லேல்லை.